வேலிக்குள் நடக்கும் விபத்துகள்: குதிரை பழக்குவோருக்குச் சில அனுபவக் குறிப்புகள்

குதிரையேற்றத்தில் ஆபத்து என்றதும், உயரமான தடைகளைத் தாண்டுவதோ திறந்தவெளியில் முழு வேகத்தில் ஓடுவதோதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. குதிரைகளைப் பழக்குவதையே தொழிலாகக் கொண்ட நான் பார்த்த மோசமான விபத்துகளில் பெரும்பாலானவை, நான்கு பக்கமும் வேலி அடைத்து மணல் பரப்பிய பயிற்சிக் களத்துக்குள்ளேயே, எந்த விசேஷமும் இல்லாத நாட்களில் நடந்தவை. 20 மீட்டர் அகலமும் 40 அல்லது 60 மீட்டர் நீளமும் கொண்ட அந்தச் செவ்வகம் பத்திரமான இடம் என்ற எண்ணம் பழகப் பழக நமக்குள் வலுத்துவிடுகிறது. வேலி குதிரையை வெளியே ஓடவிடாமல் தடுக்குமே தவிர, 500 கிலோ எடையுள்ள விலங்கு கண்ணிமைக்கும் நேரத்தில் பக்கவாட்டில் தாவுவதைத் தடுக்காது. சில வேளைகளில் விழுபவரின் விலா எலும்பை முறிப்பதும் அதே வேலிதான்.

2008 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக டிரஸ்ஸாஜ் (குதிரையின் நடையையும் பழக்கத்தையும் மதிப்பிடும்) போட்டியில் பங்கேற்ற கோர்ட்னி கிங்-டைக்கு நேர்ந்ததை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பலரும் அறிவார்கள். 2010 மார்ச்சில் அவர் ஒரு குதிரையைப் பழக்கிக்கொண்டிருந்தபோது, அது தன் கால்களே ஒன்றோடொன்று சிக்கி இடறி விழுந்தது. அது மிரளவில்லை, துள்ளவில்லை, முரண்டு பிடிக்கவும் இல்லை. தலைக்கவசம் அணியாதிருந்த அவருடைய மண்டையோடு முறிந்தது. பல வாரங்கள் நினைவின்றிக் கிடந்தார். பின்னர் அவரே தலைக்கவசத்துக்காகப் பரப்புரை செய்தார். சர்வதேச டிரஸ்ஸாஜ் போட்டிகளில் உயரமான மேல்தொப்பி அணியும் முறை முடிவுக்கு வந்து தலைக்கவசம் எல்லோருக்கும் கட்டாயமானது 2021-இல்தான். போட்டிக்கு விதி இருக்கிறது. பயிற்சிக் களத்துக்கு நாமேதான் விதி வகுத்துக்கொள்ள வேண்டும்.

ஆண்டுகள் கூடக் கூட எனக்குள் உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. விழுவது ஒரு கணத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் அதற்கான காரணங்கள் பல நிமிடங்களுக்கு முன்பிருந்தே, சில சமயம் பல நாட்களுக்கு முன்பிருந்தே, நம் கண்ணெதிரில் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டிருக்கின்றன. விழும் கணத்தில் நம்மால் செய்யக்கூடியது மிகக் குறைவு. அதற்கு முந்தைய நிமிடங்களில் செய்யக்கூடியது ஏராளம். ஆகவே யாரேனும் விழுந்துவிட்டால், எப்படி விழுந்தீர்கள் என்பதை விட்டுவிட்டு, விழுவதற்கு முன் குதிரை என்ன செய்துகொண்டிருந்தது என்பதையே நான் முதலில் கேட்கிறேன்.

என் காறை எலும்பு முறிந்த நிகழ்வையே எடுத்துக்கொள்ளலாம். இளம் பெட்டைக் குதிரை, நன்றாகப் பழகிய களம், காற்று சற்றுப் பலமாக வீசிய காலை. தொலைவில் இருந்த மூலையில், வேலிக்கு வெளியே, மணற்குவியலை மூடியிருந்த தார்ப்பாயின் ஒரு முனை கட்டவிழ்ந்து படபடத்துக்கொண்டிருந்தது. வலப்பக்கச் சுற்றில் அந்த மூலையை முதலில் நெருங்கியபோது குதிரையின் இரு காதுகளும் அந்தப் பக்கம் திரும்பி அப்படியே நின்றன. கழுத்து உயர்ந்தது; சேணத்துக்கு அடியில் முதுகு இறுகுவதை என் தொடைகளில் உணர முடிந்தது; மூச்சு ஒரு கணம் நின்று, பிறகு மூக்கு வழியே கரகரப்பாக வெளியே வந்தது. நின்று பார்க்கவிட்டேன், தட்டிக்கொடுத்தேன், கடந்து போனோம். அடுத்த சுற்றில் ஒரு காது மட்டும் திரும்பியது. அதற்கடுத்த சுற்றில் அதுவும் இல்லை. பின்னர் கேன்டரில் (துள்ளலான மிதவேக ஓட்டத்தில்) அதே மூலையைக் கடக்கும்போது தார்ப்பாய் முழுவதும் எழும்பிப் புரண்டது. குதிரை களத்தின் உட்பக்கமாகச் சட்டென்று திரும்ப, நான் அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே தொடர்ந்து சென்று, இடது தோள் தரையில் மோத விழுந்தேன்.

அன்று காதுகள் அமைதியடைந்திருந்தனவே தவிர, முதுகு கடைசிவரை தளரவில்லை. மிரட்சி தணிந்ததற்கும் மிரட்சி வெளியே தெரியாமல் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு அந்த முதுகில்தான் இருக்கிறது. உண்மையாகவே தணிந்த குதிரை கழுத்தைத் தாழ்த்தும், மூச்சை நீளமாக வெளியே விடும், நடையில் முதுகு மறுபடி அசையத் தொடங்கும். இவை தெரியும்வரை அந்த மூலையில் வேகத்தைக் கூட்டுவதில்லை என்பது இப்போது என் களத்தின் வழக்கம்.

குதிரையின் கண்ணமைப்பைப் புரிந்துகொண்டால் இத்தகைய நிகழ்வுகள் பலவும் விளங்கும். தலையின் இருபுறமும் அமைந்த கண்களால் அது ஏறத்தாழ 350 பாகை அளவுக்குச் சுற்றிலும் பார்க்கிறது. நெற்றிக்கு நேர்முன்னால் மிகச் சிறிய பகுதியும் வாலுக்கு நேர்பின்னால் உள்ள பகுதியும் மட்டுமே அதற்குத் தெரியாதவை. நாம் கவனிக்கவே கவனிக்காத ஓரத்து அசைவு அதற்குத் தெரிகிறது. வேட்டையாடப்படும் விலங்காகவே பரிணமித்த அது, என்னவென்று ஆராய்வதற்கு முன்பே ஓடிவிடும். ஒரு பொருளை வலப்பக்கச் சுற்றில் அமைதியாகக் கடந்த குதிரை, திசை மாறி இடப்பக்கச் சுற்றில் வரும்போது அதையே புதிதாகப் பார்ப்பதுபோல் மிரள்வதும் உண்டு; ஆகவே எதைப் பழக்கினாலும் இரு திசைகளிலும் பழக்க வேண்டும். இதைப் பிடிவாதம் என்று எண்ணிச் சாட்டையை எடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மூலையில் தார்ப்பாயோடு வலியும் இருக்கிறது என்பதை மட்டுமே குதிரை அதிலிருந்து கற்றுக்கொள்ளும்.

மிரட்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும் என்பதையும் சொல்ல வேண்டும். காற்று, பக்கத்துக் கொட்டிலின் துணைக்குதிரையை வேறிடத்துக்குக் கொண்டுபோனது, முந்தைய நாள் வெளியே விடாமல் அடைத்து வைத்தது, சவாரி செய்பவரின் அவசரம் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே பொறுத்துக்கொள்ளக் கூடியதே. நான்கும் ஒரே காலையில் சேரும்போது, ஒரு பறவை எழும்பிப் பறப்பது போதும். அப்படிப்பட்ட நாளில் தரையிலிருந்து செய்யும் பயிற்சியோடு முடித்துக்கொள்வதால் எந்தக் குதிரையின் வளர்ச்சியும் நின்றுபோய்விடாது.

களத்துக்குள் குதிரையைக் கொண்டுவருவதற்கு முன் ஒருமுறை நடந்தே சுற்றிப் பார்ப்பது நல்ல பழக்கம். பார்க்க வேண்டியவை சாதாரணமானவைதான்: வாயிற்கதவின் தாழ்ப்பாள், ஈரமாகி வழுக்கும் இடங்கள், மணல் ஆழமாகக் குவிந்தோ அடித்தளம் தெரியும்படி ஒதுங்கியோ இருக்கும் இடங்கள், யாரோ விட்டுச்சென்ற வாளி. தடைத் தூண்களில் கம்பம் இல்லாமல் தனியே நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கிகளை அவசியம் கழற்றிவிட வேண்டும். அவற்றின்மேல் விழுபவருக்கும் உரசிச் செல்லும் குதிரைக்கும் ஏற்படும் காயம் ஆழமானது.

சேணத்தைப் பொறுத்தவரை, வயிற்றுவாரை ஏறுவதற்கு முன் ஒருமுறையும், சில நிமிடங்கள் நடத்திய பிறகு இன்னொரு முறையும் இறுக்கிப் பார்க்க வேண்டும். வார் கட்டும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும் குதிரைகள் பல; நடந்ததும் வார் தளர்ந்து, திருப்பத்தில் சேணம் பக்கவாட்டில் சரியும். சேணத்திலுள்ள பட்டைகளின் தையலையும், கொக்கி வந்து உட்காரும் இடத்தில் தோல் வெடித்திருக்கிறதா என்பதையும் விரலால் மடித்துப் பார்க்காமல் தெரிந்துகொள்ள முடியாது.

எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும் நிகழ்வு, ஒரு மாணவியின் கால் அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும், கால் வைக்கும் வளையத்தில்) சிக்கிக்கொண்டதுதான். அவர் விழுந்தது மெதுவான ஒரு டிராட்டில், அதாவது நடைக்கும் கேன்டருக்கும் இடைப்பட்ட ஓட்டத்தில்; கொஞ்சம் சரிந்து, ஏறக்குறைய இறங்குவதுபோலவே விழுந்தார். குதிகால் இல்லாத தட்டையான காலணி அங்கவடிக்குள் முழுவதுமாக நுழைந்துவிட்டது. பக்கவாட்டில் ஏதோ தொங்குகிறது என்று உணர்ந்த குதிரை ஓடத் தொடங்கியது. ஓட ஓட அவர் உடல் அதன் பின்னங்கால்களின் அருகே மோதியது. மோத மோதக் குதிரையின் ஓட்டம் இன்னும் வேகமெடுத்தது. குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்பார்கள். விழுவதைவிட விழுந்த பிறகு நடப்பது கொடியது என்பதை அந்தச் சில நொடிகளில் அங்கிருந்த எல்லோரும் பார்த்தோம். காலணி கழன்றுகொண்டதால் அவர் பிழைத்தார். தோளிலும் இடுப்பிலும் தோல் உரிந்ததோடு போயிற்று.

இதிலிருந்து பின்பற்ற வேண்டியவை தெளிவானவை. ஏறத்தாழ 2.5 செ.மீ. உயரமுள்ள குதிகால் கொண்ட காலணி இல்லாமல் யாரும் ஏறக் கூடாது. அங்கவடி, காலணியின் அகலத்தைவிட மொத்தத்தில் 2.5 செ.மீ. அளவுக்கு அகன்றிருக்க வேண்டும்; மிகக் குறுகினால் கால் மாட்டிக்கொள்ளும், மிக அகன்றால் கால் முழுவதும் உள்ளே போய்விடும். ஒரு பக்கம் ரப்பர் வளையம் கொண்டதும், அழுத்தம் பட்டால் திறந்துகொள்வதுமான பாதுகாப்பு அங்கவடிகள் கிடைக்கின்றன. பழகுநர்களுக்கு அவற்றையே மாட்டுகிறேன். சேணத்தில் அங்கவடி வார் தொங்கும் கம்பியின் முனையில் மேல்நோக்கி மடக்கக் கூடிய சிறு பகுதி ஒன்று இருக்கும். சவாரியின்போது அது மடங்காமல் திறந்தே இருந்தால்தான் ஆபத்தில் வார் முழுவதுமாகக் கழன்று வரும். அதோடு, களத்தில் இருக்கும் யாரும் ஓடும் குதிரையைத் துரத்தக் கூடாது. துரத்துபவர் அதன் கண்ணுக்கு இன்னொரு ஆபத்தாகத்தான் தெரிவார். மற்றக் குதிரைகள் அனைத்தும் அங்கங்கேயே நிற்க, ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு அதன் தோள் பக்கத்தை நோக்கிச் சாய்வாக நடக்க வேண்டும்.

லன்ஜ் எனப்படும் நீண்ட கயிற்றில், நாம் நடுவில் நின்று குதிரையைச் சுற்றவிடும்போது, சவாரி செய்யாததால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடக் கூடாது. சக பயிற்சியாளர் ஒருவர் மீதிக் கயிற்றைக் கையில் வளையமாகச் சுற்றிப் பிடித்திருந்தபோது குதிரை வெளிப்பக்கம் பாய, வளையம் இறுகி அவருடைய இரண்டு விரல்கள் முறிந்தன. மீதிக் கயிற்றை முன்னும் பின்னுமாக மடித்து உள்ளங்கையில் வைத்திருந்தால், குதிரை இழுக்கும்போது அது மடிப்பு மடிப்பாக நழுவிப் போகும். கையுறை இல்லாமல் இந்த வேலையைத் தொடக் கூடாது. கயிறு தரையில் புரளும்படி விட்டால் அடுத்துச் சிக்குவது நம் கணுக்கால்.

குதிரை கட்டுமீறும் கணத்தில் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். தலைதெறிக்க ஓடும் குதிரையை இரு கைகளாலும் இழுத்துப் பிடிப்பது பயனற்றது. அதன் வலிமையோடு நாம் மல்லுக்கட்ட முடியாது. இடமிருந்தால் பெரிய வட்டத்தில் திருப்பி, வட்டத்தைப் படிப்படியாகச் சிறிதாக்க வேண்டும். முழு வேகத்தில் சட்டென்று ஒரு பக்கம் இழுத்தால் குதிரையே கால் இடறி நம்மேல் விழக்கூடும். ஒற்றைக் கடிவாள வாரால் கழுத்தை வளைத்து, பின்னங்கால்களை விலக வைத்து நிறுத்தும் முறையை, நின்ற நிலையிலும் நடையிலும் இரு பக்கமும் பல நாள் பழக்கியிருந்தால் மட்டுமே ஆபத்தில் அது கைகொடுக்கும். முன்னங்கால்களைத் தூக்கி எழும் குதிரையின்மேல் இருப்பவர் கடிவாளத்தைத் தளர்த்தி, முன்னால் சாய்ந்து, பிடரி மயிரைப் பற்றிக்கொள்ள வேண்டும். பயத்தில் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கினால் குதிரை மல்லாக்க விழும். களத்தில் நடக்கக்கூடியவற்றிலேயே நான் மிகவும் அஞ்சுவது அதைத்தான். திரும்பத் திரும்ப எழும் பழக்கம் கொண்ட குதிரையை மாணவர்களிடம் கொடுப்பதைப் பொறுப்பின்மை என்றே சொல்வேன்.

விழுவது உறுதியாகிவிட்டால் கடிவாளத்தை விட்டுவிட வேண்டும். கையை நீட்டித் தரையைத் தாங்க முயன்றால் மணிக்கட்டோ காறை எலும்போ முறியும். முகவாயை மார்போடு சேர்த்து, கைகளை உடலோடு ஒடுக்கி, குதிரையிடமிருந்து விலகும் திசையில் உருள வேண்டும். படித்துத் தெரிந்துகொள்வதால் மட்டும் இது உடலுக்கு வந்துவிடாது. மெத்தை விரிப்பில் உருண்டு பழகுவதைப் பயிற்சியின் பகுதியாகவே வைத்திருக்கிறேன்.

பல குதிரைகள் "கெட்ட குணம்" என்ற பெயரைச் சுமப்பது வலியால்தான். என்னிடம் வந்த ஒரு குதிரை, வலப்பக்கக் கேன்டருக்கு மாறிய உடனே துள்ளி ஆளைத் தள்ளிவிடும் என்று பெயரெடுத்திருந்தது. சேணம் வைக்கும்போதே காதுகளைப் பின்னால் மடக்கி, வாலைச் சுழற்றி, பல்லை நறநறவென்று கடிக்கும். கால்நடை மருத்துவர் பார்த்ததில் முதுகெலும்பில் மேல்நோக்கி நீண்டிருக்கும் முள்போன்ற எலும்புகள் ஒன்றோடொன்று உரசுவது தெரிந்தது; சிகிச்சையும் வேறு சேணமும் நீண்ட ஓய்வும் கிடைத்த பிறகு துள்ளல் நின்றது. இங்கிலாந்தின் கால்நடை மருத்துவர் சூ டைசனும் அவருடைய குழுவினரும் 2018-இல், சவாரியின்போது குதிரை காட்டும் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டார்கள். அவற்றில் 8 அல்லது அதற்கு மேல் காணப்பட்டால் தசையிலோ எலும்பிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அவர்கள் கண்டது. காது மடக்குவது, வால் சுழற்றுவது, வாயைத் திறந்து திறந்து மூடுவது, தலையை உதறுவது ஆகியவை அப்பட்டியலில் உள்ளவை. இந்த அறிகுறிகளைக் கண்டும் பயிற்சியைக் கடுமையாக்குபவர், அடுத்த விபத்துக்கு நாள் குறிக்கிறார் என்றே கருதுகிறேன். சேணம், பல், முதுகு, குளம்பு இவை நான்கையும் பார்த்து முடித்த பிறகே குணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

விழுந்தவரை உடனே எழுப்பி, உடனே குதிரைமேல் ஏற்றுவது பழைய வழக்கம். அதை நான் முற்றிலும் நிறுத்திவிட்டேன். தலையில் அடிபட்ட ஒரு நண்பர் எழுந்து, சிரித்து, மறுபடி ஏறிச் சுற்றிவந்ததையும், பிறகு அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாந்தி எடுத்ததையும் பார்த்தவன் நான். ஏறிச் சவாரி செய்தது அவருக்கு நினைவிலேயே இல்லை. மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம். அது குணமாவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே தலையில் அடிபட்டிருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலே அன்றைய சவாரி முடிந்தது. மருத்துவர் அனுமதிக்கும்வரை ஏறுவதில்லை. முதல் நாள் அவரைத் தனியே விடுவதில்லை. கழுத்திலோ முதுகிலோ வலி, கை கால்களில் மரத்துப்போன உணர்வு என்று சொன்னால் அவரை அசைக்காமல் ஆம்புலன்ஸுக்காகக் காத்திருக்க வேண்டும். மூச்சுக்குத் தடை இருந்தாலன்றித் தலைக்கவசத்தையும் கழற்றக் கூடாது. அடிபட்ட தலைக்கவசம் வெளியே கீறலின்றித் தெரிந்தாலும், உள்ளே நசுங்கிய நுரைப்பகுதி மறுபடி அதிர்ச்சியைத் தாங்காது. அதை மாற்றியே ஆக வேண்டும். அடிபடாவிட்டாலும் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும்படிதான் பொதுவாக அறிவுறுத்தப்படுகிறது.

எலும்பு கூடிய பிறகும் பயம் கூடவே இருக்கும். அதை வெட்கத்துக்குரியதாக நினைத்து மறைத்துக்கொண்டு ஏறுபவரால் குதிரையை ஏமாற்ற முடியாது. அது உடலையே படிக்கிறது. 2009-இல் சுவீடனில் நடந்த ஓர் ஆய்வில், குதிரையை நடத்திச் சென்றவர்களிடமும் சவாரி செய்தவர்களிடமும், கடந்து போகும்போது ஒரு குடை திறக்கப்படும் என்று சொல்லிவைத்தார்கள். குடை திறக்கப்படவே இல்லை. ஆனாலும் மனிதர்களின் இதயத்துடிப்போடு குதிரைகளின் இதயத்துடிப்பும் உயர்ந்தது. ஆகவே பயந்திருப்பவரை மிரளும் குதிரையில் ஏற்றுவது இருவருக்கும் கேடு. நிதானமான வேறொரு குதிரையைக் கயிற்றில் பிடித்துக் களத்தில் நடத்துவதில் தொடங்கி, பிறர் கயிறு பிடிக்க நடையில் சவாரி, பிறகு டிராட் என்று மெல்ல மெல்லக் கூட்டுவதே எங்கள் வழி. எப்போது கேன்டர் என்பதை விழுந்தவரே சொல்ல வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, சவாரியின்போது அவரை உரக்கப் பேசவைப்பது எளிய, நன்றாகப் பயன்படும் வழி.

கடைசியாக, களத்தின் வாயிலருகே ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். விழுந்தவை மட்டுமல்லாமல், விழாமல் தப்பியவையும் அதில் எழுதப்படுகின்றன: குதிரையின் பெயர், நேரம், காற்றும் மழையும், எந்த மூலை, எந்தப் பக்கச் சுற்று, எந்தச் சேணம், அதற்கு முன் குதிரை காட்டிய அறிகுறிகள், அன்று அது எவ்வளவு நேரம் வெளியே விடப்பட்டிருந்தது. யார்மேல் தவறு என்ற பகுதியை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. சேர்த்தால் யாரும் உண்மையை எழுதமாட்டார்கள். ஒரே குதிரையின் பெயர் ஒரே பக்கச் சுற்றோடு மறுபடி மறுபடி வந்தால், அதன் சவாரியை நிறுத்திக் கால்நடை மருத்துவரை அழைக்கிறோம். ஒரே மூலை பல குதிரைகளின் பெயரோடு வந்தால், அங்கே வேலிக்கு வெளியே என்ன இருக்கிறது என்று போய்ப் பார்க்கிறோம்.